கொட்டை காயும் களம் வரை: ஐவரி கோஸ்ட் பயணக் குறிப்புகள்

அபிஜான், ஞாயிறு இரவு

பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலை வைத்திருப்பவரிடம் கொட்டை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் தூத்துக்குடி இறக்குமதியாளர் ஒருவரின் பெயரைச் சொல்வார். அந்தக் கொட்டை எந்த ஊர்க் காட்டில் விழுந்தது, யார் பொறுக்கினார்கள், எத்தனை நாள் காயவைத்தார்கள் என்று அவருக்குத் தெரியாது. சாக்கில் நாட்டின் பெயர் இருக்கும், அவ்வளவுதான்.

நம் ஊர் விளைச்சல் ஆலைகளுக்குப் போதாமல் போய் வெகுகாலம் ஆகிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகளைச் சாய்த்துவிட்டுப் போன பிறகு வெளிநாட்டுக் கொட்டையை நம்பியிருப்பது இன்னும் கூடியது. புதிதாக வைத்த கன்றுகள் காய்ப்புக்கு வந்துவிட்டன. ஆனாலும் வருடம் முழுக்க ஆலை ஓட வேண்டுமென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல் வந்தாக வேண்டும்.

பெரிய ஆலைக்காரர்கள் இங்கே ஐவரி கோஸ்டில் ஆள் வைத்து வாங்குகிறார்கள். சின்ன ஆலைகளுக்கு அந்த வசதி இல்லை. அதனால் எங்கள் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து, இந்தப் பருவத்தில் ஒரே ஒரு கப்பல் பெட்டி (கன்டெய்னர்) கொட்டையாவது விளைகிற இடத்திலேயே பார்த்துப் பேசி இறக்குவது என்று முடிவு செய்தோம். அந்த வேலையாகத்தான் பெரியப்பா மகன் அண்ணனும் நானும் வந்திருக்கிறோம். அண்ணன் ஆலை நடத்துகிறவர். கணக்கும் கடிதப் போக்குவரத்தும் என் பொறுப்பு.

மும்பை, அடிஸ் அபாபா வழியாக விமானம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டையை விமான நிலையத்திலேயே கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். வருகிறவர்கள் அதை மறக்க வேண்டாம். கூட்டிப் போக வந்தவர் தூத்துக்குடிக்காரர், கொட்டையின் தரம் பார்க்கும் வேலையில் பல பருவங்களாக இங்கேயே இருக்கிறார். "கணக்கெல்லாம் காலையில பேசிக்கலாம் அண்ணாச்சி, மொதல்ல சாப்பிடுங்க" என்று அத்தியேக்கே வாங்கித் தந்தார். மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் புளிக்கவைத்து ஆவியில் வேகவைத்தது. பார்க்க ரவை உப்புமா மாதிரி இருக்கிறது, லேசான புளிப்பு. பக்கத்தில் வறுத்த மீனும் பச்சை வெங்காயமும். யுனெஸ்கோ 2024 டிசம்பரில் இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. சேர்த்தது சரிதான் என்று இரண்டு தட்டு சாப்பிட்ட பிறகு தோன்றியது.

அபிஜான், திங்கள்

காலையில் துறைமுகப் பக்கம் போனோம். 1950-இல் விரிதி கால்வாயை வெட்டிக் கடலையும் காயலையும் இணைத்த பிறகுதான் அபிஜான் பெரிய துறைமுகம் ஆனது. 2022 இறுதியில் இரண்டாவது பெட்டக முனையமும் வந்துவிட்டது. உலகத்திலேயே அதிகக் கோகோ ஏற்றுமதி செய்யும் நாடு இது. முந்திரிக் கொட்டை விளைச்சலிலும் 2015 வாக்கில் இந்தியாவை முந்தி முதலிடத்துக்கு வந்தது. விளைச்சல் வருடத்துக்கு 10 லட்சம் டன்னைத் தொட்டுவிட்டது. வடக்கில் மண் அரிப்பைத் தடுக்க 1960-களில் நட்ட மரம்தான் இத்தனை பெரிய பணப்பயிராகியிருக்கிறது.

விளைவதில் பெரும்பகுதி உடைக்காத பச்சைக் கொட்டையாகவே கப்பலேறுகிறது. முதலில் வியட்நாம், அடுத்தது நாம். பருப்பு ஏற்றுமதியில் 2006-இல் வியட்நாம் நம்மைத் தாண்டியது. அதற்குப் பிறகு இங்கே கொட்டை வாங்குகிற இடத்திலும் அவர்கள் கைதான் ஓங்கியிருக்கிறது.

விலையைப் பற்றிக் கொஞ்சம். பருத்திக்கும் முந்திரிக்கும் சேர்த்து இங்கே ஒரு வாரியம் இருக்கிறது. ஒவ்வொரு பருவமும் தோட்டத்தடியில் விவசாயிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச விலையை அது அறிவிக்கும். 2025 பருவத்துக்கு அறிவித்தது கிலோ 425 பிராங்க். நூறு பிராங்க் நம் பணத்தில் சுமார் 14 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோ சுமார் 60 ரூபாய். அதற்கு முந்தைய வருடம் 275 பிராங்க்தான். 2018-இல் 500 என்று அறிவித்தார்கள். அந்தப் பருவத்தின் நடுவிலேயே உலகச் சந்தை சரிந்தது. வாங்குவதாகக் கையெழுத்துப் போட்ட பலர் பின்வாங்கினார்கள், கொட்டை கிடங்கில் தேங்கியது. அடுத்த வருடம் 375. விலை இப்படி ஏறி இறங்கும்போது அடிபட்டவர்களில் நம் பக்கத்துச் சிறு வியாபாரிகளும் உண்டு.

பிறகு ஒரு ஏற்றுமதியாளரின் குடோனுக்குப் போய்க் கட்டிங் பார்த்தோம். இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக விளக்கமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் எல்லாப் பேரமும் கடைசியில் இந்த மேசைக்குத்தான் வந்து சேரும்.

மூட்டைகளில் அங்கங்கே குத்தூசி விட்டு மாதிரி எடுக்கிறார்கள். எல்லாவற்றையும் கலந்து அதில் சரியாக ஒரு கிலோ நிறுத்து வைத்துக்கொண்டு, முதலில் எண்ணுகிறார்கள். எண்ணிக்கை குறைவாக இருந்தால் கொட்டை பெரிது என்று அர்த்தம். அப்புறம் ஒவ்வொரு கொட்டையையும் நீளவாக்கில் இரண்டாகப் பிளக்கிறார்கள். தட்டில் மூன்று குவியல் விழுகிறது. வெள்ளையாக, திடமாக இருப்பது நல்லது. புள்ளி விழுந்தது, சுருங்கியது இரண்டாவது. பூஞ்சை, பூச்சி, வெறும் கூடு எல்லாம் கழிவு. நல்ல பருப்பு 255 கிராம் வந்தது. புள்ளி விழுந்தது 22 கிராம், அதில் பாதியைத்தான் கணக்கில் சேர்ப்பார்கள். ஆக 266. இதை 0.17637-ஆல் பெருக்கினால், 80 கிலோ மூட்டைக்கு எத்தனை பவுண்டு பருப்பு என்று வந்துவிடும். 46.9. இதுதான் அவுட்டர்ன். ஒப்பந்தத்தில் விலைக்கு அடுத்தபடியாகச் சண்டை வருவது இந்த எண்ணில்தான்.

46.9 மோசமில்லை. ஆனால் ஈரம் அளக்கும் மாய்ஸ்சர் மீட்டர் 11 சதவீதம் காட்டியது. தூத்துக்குடிக்காரர் ஒரு பருப்பை எடுத்து அண்ணன் கையில் கொடுத்து நகத்தால் அழுத்தச் சொன்னார். நகம் பதிந்தது. "இது இன்னைக்கி 46.9. பெட்டிக்குள்ள ஒரு மாசத்துக்கு மேல கெடந்து, நன்னம்பிக்கை முனையச் சுத்தி ஊர் போயிச் சேரும்போது இதே எண் வராது அண்ணாச்சி. 45 வந்தாலே பெரிசு" என்றார்.

இந்த ஈரம் எங்கே புகுந்தது என்று கேட்டேன். புகவில்லை, போகவே இல்லை என்றார். விழுந்த கொட்டையைக் காயவைக்காமலே விற்றுவிட்டார்களாம்.

புவாக்கே, செவ்வாய்

நாள் முழுக்கச் சாலையில். யமுசுக்ரோ வரை அருமையான நெடுஞ்சாலை. 1983-இலிருந்து நாட்டின் தலைநகரம் அதுதான். வழியில் இறங்கிப் பெரிய பசிலிக்காவைப் பார்த்தோம். இரண்டாம் ஜான் பால் 1990-இல் வந்து அர்ச்சித்த கோயில். அவ்வளவு பெரிய கூரைக்கடியில் எங்களையும் ஒரு காவலரையும் தவிர யாரும் இல்லை. தெற்கின் பசுமை மெல்ல மெல்லக் குறைந்து, புவாக்கே நெருங்கும்போது மண் சிவந்து, முந்திரி மரங்கள் தெரிய ஆரம்பித்தன. நெய்வேலி தாண்டி வரும் செம்மண்ணைப் பார்த்த மாதிரியே இருந்ததால் அண்ணன் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றார்.

நோன்பு மாதம். எங்கள் ஓட்டுநர் விடியற்காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் அத்தனை தூரம் ஓட்டினார். சூரியன் விழுந்ததும் சாலையோரம் நிறுத்தி, முதல் பேரீச்சம்பழத்தை எங்களுக்கு நீட்டிவிட்டுத்தான் தான் எடுத்தார்.

புவாக்கே, புதன்

2002-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் நாடு இரண்டாகப் பிரிந்தபோது கிளர்ச்சிப் படைகளின் தலைமையிடமாக இருந்த ஊர் இது. இப்போது முந்திரி ஆலைகள் எழும்பும் ஊர். அப்படி ஒன்றைச் சுற்றிப் பார்க்க அனுமதி கிடைத்தது.

உள்ளே நுழைந்ததும் வாசனையே நம் ஊரில் இருக்கிறோம் என்று சொன்னது. ஆவியில் வேகும் கொட்டையின் காரமான, தொண்டையைக் கரகரக்க வைக்கும் நெடி. வியட்நாமில் செய்த, கொட்டை உடைக்கும் இயந்திரங்கள் வரிசையாக ஓடுகின்றன. தோல் உரிக்கும் இடத்திலும் தரம் பிரிக்கும் இடத்திலும் முழுக்கப் பெண்கள். பண்ருட்டியில் எங்கள் ஆலையில் உட்கார்ந்திருக்கும் அக்காமார்கள் எப்படி விரல் நுனியால் உருட்டித் தோலைத் தள்ளுவார்களோ, அதே அசைவு. அண்ணன் ஒரு கை பருப்பை அள்ளிப் பார்த்து, "டபிள்யூ 320 நல்லாவே பிரிக்கிறாங்க" என்றார். பவுண்டுக்குச் சுமார் 320 முழுப் பருப்பு நிற்கும் தரம் அது. அப்புறம் வெகுநேரம் பேசவில்லை.

அவர் யோசனை எனக்குப் புரிந்தது. கொட்டையை நாமே ஏன் உடைக்கக் கூடாது என்று இந்த நாடு கேட்க ஆரம்பித்துவிட்டது, கேட்பது நியாயம். விளைவது இங்கே, கூலியும் இங்கே கிடைக்கட்டும் என்று நினைக்காத அரசு உண்டா? உள்ளூர் ஆலைகளுக்கு ஏற்றுமதி மானியம் உண்டு. 2024-இல் ஆலைகளுக்குக் கொட்டை போதவில்லை என்று பச்சைக் கொட்டை ஏற்றுமதியையே சில காலம் நிறுத்தி வைத்தார்கள். தரை வழியாகப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோவதற்கும் தடை, துறைமுகம் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். நம் பக்கத்தில் பச்சைக் கொட்டைக்கு இறக்குமதி வரியை 2018 பட்ஜெட்டில் 5 சதவீதத்திலிருந்து 2.5 ஆகக் குறைத்தார்கள். ஆனால் பருப்பாக இறக்கினால், உடைந்ததற்குக் கிலோ 680 ரூபாய், முழுசுக்கு 720 என்று 2019-இல் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தார்கள். ஆக நம் சின்ன ஆலைகள் பச்சைக் கொட்டையை நம்பித்தான் இருக்கின்றன. அந்தக் கொட்டை இப்போது வருகிற மாதிரியே இன்னும் இருபது வருடம் வரும் என்று நினைத்துக்கொண்டு யாரும் கடன் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. வருகிற வரைக்கும், இங்கே உள்ளவர்களுக்கும் லாபமான வியாபாரம் செய்கிறவரைத்தான் அவர்கள் வைத்துக்கொள்வார்கள்.

கொரோகோ, வெள்ளி

நேற்று நெட் கிடைக்கவில்லை. இரண்டு நாளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

கொரோகோவிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் மண் சாலை. செனுஃபோ மக்களின் கிராமம். வழியெல்லாம் பருத்தி அறுத்த கொல்லைகள், நடுநடுவே ஷியா மரங்கள், அப்புறம் முந்திரித் தோப்பு. "இனி சோகோமா" என்று ஜூலா மொழியில் காலை வணக்கம் சொல்ல ஓட்டுநர் கற்றுக் கொடுத்திருந்தார். சொன்னதும் சிரித்துக்கொண்டே நீளமாகப் பதில் சொன்னார்கள். வீட்டில் எல்லோரும் நலமா, ஊர் நலமா, வேலை நலமா என்று ஒவ்வொன்றாக விசாரித்த பிறகுதான் உட்காரச் சொல்கிறார்கள்.

தோப்பில் மரத்தடி முழுக்கச் சிவப்பும் மஞ்சளுமாகப் பழம் விழுந்து கிடக்கிறது. பறிப்பதில்லை, தானாக விழுந்ததைத்தான் பொறுக்குகிறார்கள். பறித்த கொட்டை முற்றாமல் இருக்கும் என்று நம் பாட்டிமார் சொன்னதையே இவர்களும் சொன்னார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூடையோடு குனிந்தபடி போகிறார்கள். கொட்டையைத் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை அங்கேயே போட்டுவிடுகிறார்கள். புளித்த வாசனை தோப்பெல்லாம் நிற்கிறது. மரம் ஆண்கள் பெயரில். பொறுக்குவதும் காயவைப்பதும் பெண்கள் வேலை.

ஒரு வீட்டு வாசலில் தார்ப்பாயில் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. அந்த வீட்டு அம்மா நாற்பது வயதுக்காரர், வெறுங்காலால் கொட்டையைக் கிளறிக்கொண்டே பேசினார். ஒரு கை அள்ளிக் குலுக்கிக் காட்டினார், கலகலவென்று சத்தம் கேட்டது. இன்னொரு மூலையிலிருந்து அன்று காலை பொறுக்கியதை அள்ளிக் குலுக்கினார், சத்தமே இல்லை. மீட்டர் வைத்துப் பார்த்தோம். முதலாவது 8, இரண்டாவது 16. அவருக்கு மீட்டர் தேவையே இல்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் ஏன் காயவைத்து விற்பதில்லை என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டேன். அவர் சொன்ன பதிலை நோட்டில் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். ஈரமான கொட்டை 100 கிலோ இருக்கிறது. மோட்டார் சைக்கிளில் வருகிற தரகர் பையன் வாசலிலேயே நிறுத்து 425 வீதம் 42,500 பிராங்க் எண்ணிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான். அதே கொட்டையை மூன்று நாள் வெயிலில் போட்டு, கிளறி, ராத்திரி மூடி வைத்து, ஈரம் 16-இலிருந்து 8-க்கு வந்தால் எடை 91 கிலோ சொச்சம்தான் நிற்கும். அதே 425 விலையில் 38,800. மூன்று நாள் வேலை பார்த்ததற்கு 3,700 பிராங்க் நஷ்டம். நம் பணத்தில் 500 ரூபாய்க்கு மேல்.

"காயவெச்சா எங்க காசு காத்துல போகுது, வாங்குறவங்களுக்கு நல்ல கொட்டை கெடைக்குது" என்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடிக்கும் முன்பே அண்ணன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அபிஜான் குடோனில் நகம் பதிந்த பருப்பின் கதை முழுக்க இந்த வாசலில் இருக்கிறது. எங்கள் ஊரில் எத்தனை வருடமாக "ஆப்பிரிக்காக்காரன் ஈரக் கொட்டையைத் தலையில் கட்டுகிறான்" என்று பேசுகிறார்கள்! இடையில் ஐந்தாறு கை இருக்கிறது: தரகர் பையன், ஊர் வியாபாரி, அபிஜான் ஏற்றுமதியாளர், வெளிநாட்டு வர்த்தகர், தூத்துக்குடி இறக்குமதியாளர். ஒவ்வொருவரும் அவுட்டர்ன் பேசுகிறார்கள், அபராதம் பேசுகிறார்கள். களத்தில் காயவைக்கிறவருக்கு அதற்கென்று ஒரு பிராங்க் கூட யாரும் தருவதில்லை. கொடுக்காத வேலையை அவர் எதற்காகச் செய்ய வேண்டும்?

வியாழன் ராத்திரி அங்கேயே தங்கினோம். பின்னிரவில் காற்று கிளம்பி, மாம்பழ மழை என்று இவர்கள் சொல்கிற திடீர் மழை பிடித்தது. ஊரே எழுந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் பெண்கள் தார்ப்பாயின் நாலு மூலையையும் இழுத்துக் கொட்டையைக் குவித்து, மேலே இன்னொன்றைப் போட்டு, ஓரத்தில் உரலையும் கல்லையும் தூக்கி வைத்தார்கள். நாங்களும் போய் ஒரு மூலையைப் பிடித்தோம். தார்ப்பாய் இல்லாத வீட்டில் பிளாஸ்டிக் சாக்கைப் பிரித்துப் போட்டு மூடினார்கள். அதில் பாதி நனைந்துவிட்டது. காலையில் அந்தப் பாதியைத் தரகர் பையனே வாங்கிப் போனான், விலையைக் குறைத்து.

கொரோகோ, சனி

கூட்டுறவுச் சங்கத்தாரோடு பேச்சு. மாமரத்தடியில் பெஞ்சு போட்டு, தலைவர், பொருளாளர், பெண்கள் குழுவிலிருந்து மூன்று பேர், எங்கள் பக்கம் நாங்கள் மூவர். தலைவர் நோன்பு. நாங்களும் மரியாதைக்காக அவர் முன்னால் தண்ணீர் பாட்டிலைத் திறக்கவில்லை.

அண்ணன் காய்ந்த கொட்டைக்கு 50 பிராங்க் கூடுதலாகத் தரலாம் என்று ஆரம்பித்தார். பெண்கள் குழுவில் இருந்த மூத்தவர் விரலை மடக்கி மடக்கிக் கணக்குப் போட்டார். 475 வீதம் அந்த 91 கிலோ சொச்சத்துக்கு 43,300 சொச்சம். ஈரமாகவே விற்றால் 42,500. மூன்று நாள் வெயிலுக்கு 800 பிராங்கா என்று கேட்டார். நியாயமான கேள்வி, எங்களிடம் பதில் இல்லை.

அண்ணனும் நானும் தனியாகப் போய் உட்கார்ந்தோம். 60 என்று வைத்தால் ஒரு பெட்டிக்கு, அதாவது 25 டன்னுக்கு, 15 லட்சம் பிராங்க் கூடுகிறது. சுமார் 2.1 லட்சம் ரூபாய். "நாலு பேர் பணம்டா இது. ஊர்ல போயி என்ன சொல்லுவேன்?" என்றார் அண்ணன். சரி, எதிர்க்கணக்குப் போடுவோம் என்று நோட்டை எடுத்தேன். 25 டன் என்றால் 80 கிலோ மூட்டை 312. அவுட்டர்ன் வழியில் 2 பவுண்டு குறைந்தால் 624 பவுண்டு பருப்பு, 283 கிலோ. கிலோ 700 ரூபாய் என்று வைத்தாலும் சுமார் 2 லட்சம் போச்சு. அதோடு 8 சதவீத ஈரத்துக்குப் பதில் 12 சதவீத ஈரத்தோடு வாங்கினால் 25 டன்னில் ஒரு டன்னுக்கு மேல் வெறும் தண்ணீர். அதற்கும் கொட்டை விலை, அதற்கும் கப்பல் வாடகை, அதற்கும் வரி. கிலோ 120 ரூபாய் அடக்கம் என்றால் 1.3 லட்சம். இரண்டையும் கூட்டிப் பார்த்தார் அண்ணன். "அப்ப இத்தனை வருசமா தண்ணிக்கும் பூஞ்சைக்கும்தான் காசு கொடுத்திருக்கோம்" என்று எழுந்தார்.

60-க்கு முடிந்தது. ஆனால் அதைவிடக் கடினமான விஷயம் ஒன்று இருந்தது, பணம் எப்போது என்பது. தலைவர் அதை வெளிப்படையாகவே சொன்னார். தரகர் பையனிடம் ஈரமாக விற்கக் காரணம் விலை மட்டும் கிடையாது. அவன் உடனே தருகிறான். பள்ளிக்கூடக் கட்டணம், மருந்து, பெருநாள் துணி எல்லாம் பங்குனி வெயிலில் கொட்டை காயும் வரை காத்திருக்காது. நாங்கள் திறக்கிற எல்.சி.யில், அதாவது விற்பவருக்கு வங்கி தரும் பண உறுதிக் கடிதத்தில், கப்பல் ஏற்றிய காகிதங்கள் வங்கிக்கு வந்த பிறகுதான் பணம் இறங்கும். களத்திலிருந்து கப்பல் வரை எப்படியும் மூன்று நான்கு வாரம். அந்த இடைவெளியைத் தாங்கப் பண்ருட்டியில் சின்ன ஆலைக்கு வக்கில்லை. முன்பணம் கொடுக்கும் வகை எல்.சி. ஒன்று இருக்கிறது, ஆனால் எங்கள் அளவுள்ளவர்களுக்கு அதைத் திறக்க வங்கி மேலாளர் சுலபத்தில் சம்மதிக்க மாட்டார், பெரிய ஈடு கேட்பார்.

கடைசியில் தூத்துக்குடிக்காரர் ஒரு வழி சொன்னார். எப்படியும் வாரியத்தின் அனுமதி பெற்ற ஏற்றுமதியாளர் மூலமாகத்தான் கொட்டை வெளியே போக முடியும். அபிஜானில் அவருக்கு நம்பிக்கையான ஒருவர், சங்கத்தின் களத்தில் மீட்டர் 8 காட்டும் கொட்டைக்கு அன்றைக்கே ரொக்கம் கொடுப்பார். அதற்கு டன்னுக்கு இத்தனை என்று அவருக்கு எங்கள் கணக்கில் லாபம். போன் போட்டுப் பேசினோம், ஒத்துக்கொண்டார்.

இடைத்தரகர் இல்லாமல் வாங்கப் போகிறோம் என்று ஊரில் பேசிவிட்டுத்தான் வந்தோம். இங்கே வந்து பார்த்தால், பணத்தையும் காலத்தையும் தாங்குகிறவர் ஒருவர் நடுவில் வேண்டியிருக்கிறது, அவருக்குக் கூலியும் வேண்டும். அதில் எனக்கு வருத்தம் இல்லை. தரம் பார்க்கும் இடத்தைக் குடோனிலிருந்து களத்துக்கு மாற்றியிருக்கிறோம், அந்த இடத்திலேயே பணமும் கைமாறுகிறது. எங்களைப் போன்ற சிறு நிறுவனங்கள் வெளிநாட்டில் கொள்முதல் தொடங்கும்போது, முதலில் பேச வேண்டியது இந்த இரண்டும்தான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன். விலை அதற்குப் பிறகு.

ஒன்றைச் சேர்த்துக் கேட்டார் அந்த மூத்தவர்: தார்ப்பாய். வியாழன் ராத்திரியைப் பார்த்த பிறகு அண்ணன் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. கொரோகோ சந்தையிலேயே வாங்கி இறக்கிவிட்டு வந்தோம்.

அபிஜான், திங்கள்

நேற்று முழுக்கத் திரும்பி வந்த பயணம். இன்று வேறொருவரின் பெட்டி ஏற்றுவதைப் போய்ப் பார்த்தோம், நம் பெட்டிக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

நாற்பதடிப் பெட்டியின் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொன்னார் தூத்துக்குடிக்காரர். எங்கேயாவது வெளிச்சப் புள்ளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம், தெரிந்தால் அந்தப் பெட்டி வேண்டாம். அப்புறம் சுவர் முழுக்கக் கனத்த பழுப்புக் காகிதம் ஒட்டுகிறார்கள். இரவுக் குளிரில் கூரையில் வியர்த்துச் சொட்டும் நீரை அது குடிக்கும். ஈரம் உறிஞ்சும் பைகளை இரண்டு பக்கமும் தொங்கவிடுகிறார்கள். மூட்டை எல்லாம் சணல் சாக்குதான், காற்றுப் போக வேண்டும் என்பதால் பிளாஸ்டிக் சாக்கு ஆகாது. சாக்கில் வங்கதேசம் என்று அச்சடித்திருந்தது. அங்கே விளைந்த சணல் இங்கே வந்து, கொட்டையைச் சுமந்துகொண்டு மறுபடி வங்காள விரிகுடாப் பக்கமே திரும்பிப் போகிறது.

மாலையில் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏற்றும்போது ஈரம் 9-க்கு மேல் போகக் கூடாது. அவுட்டர்ன் 48, 46-க்குக் கீழ் வந்தால் மறுக்கலாம். கட்டிங் இரண்டு முறை: களத்தில் சங்கத்துப் பெண்கள் குழுவின் முன்னால் ஒன்று, தூத்துக்குடியில் இறங்கிய பிறகு ஒன்று. களத்துக் கூடுதல் 60 பிராங்க் தனி வரியாக எழுதப்பட்டிருக்கிறது. விலைக்குள் கரைந்துவிடாமல் இருக்க அதை நான் வற்புறுத்திக் கேட்டு வாங்கினேன். தூத்துக்குடிக் கட்டிங்கின் முடிவு எதுவானாலும் சங்கத்துக்கு ஒரு நகல் போக வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. தாங்கள் காயவைத்த கொட்டை எத்தனை பவுண்டு கொடுத்தது என்று இதுவரை யாரும் அவர்களுக்குச் சொன்னதில்லை.

ஏப்ரலில் பெட்டி ஏறும். மழை முன்கூட்டியே வந்தால் ஒரு வாரம் தள்ளும், அதற்கும் இடம் விட்டிருக்கிறோம். நாளை மதியம் விமானம். இறங்கிய கொட்டையைப் பண்ருட்டியில் வெட்டிப் பார்த்ததும், வந்த எண்ணை அப்படியே இங்கே எழுதுகிறேன். இந்த முறையில் வாங்க நினைக்கும் சிறு ஆலைக்காரர்கள் யாராவது இருந்தால், ஒப்பந்தத்தின் நகலையும் கணக்கு நோட்டின் பக்கங்களையும் தரத் தயாராக இருக்கிறோம். அடுத்த பருவத்துக்கு இரண்டு பெட்டியாகப் பேச வேண்டும், அதற்குக் கூடுதல் ஆட்கள் வேண்டும்.